கரம்பை மண் ஓவியங்களும் சுவரில் ஒட்டிய விலையும்

மதுரை வடக்கு மாசி வீதிக்குப் பக்கத்தில் எங்களுடையது பிரேம் போடும் கடை. அப்பா காலத்தில் தொடங்கியது. சாமி படம், கல்யாணப் படம், மாலை போட்ட தாத்தா படம், இப்போது பட்டமளிப்பு விழாப் படம் என்று எது வந்தாலும் கண்ணாடி வெட்டிப் பிரேம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. மாடியில் சரக்குப் போட்டு வைத்திருந்த இரண்டு அறைகளைச் சில வருடங்களுக்கு முன்னால் காலி செய்து, வெள்ளையடித்து, ஓவியம் விற்கும் கூடமாக மாற்றினேன். நாலைந்து பேர் படங்களைச் சேர்த்து மாட்டிய குழுக் காட்சிகள் நடந்திருக்கின்றன. ஒரே ஓவியருக்கு இரண்டு அறைகளையும் மொத்தமாகக் கொடுத்தது கடந்த தையில்தான். ஊரில் படம் வரைகிறவர்களும், மாடி சும்மா கிடக்கிறதே என்று யோசிக்கிறவர்களும் அதைப் பற்றி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வித்துச்சா?" விற்றது. எப்படி விற்றது என்பதில்தான் சென்னையில் கூடம் நடத்தும் நண்பர்களுக்கும் எனக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை.

ஓவியர் மேலூர்ப் பக்கத்துக்காரர். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருக்கிறார். என்னைவிட வயதில் சின்னவர் என்றாலும் எனக்கு டீச்சர்தான், நான் அவருக்கு அண்ணன். அவர் வரைவது கண்மாய். மடை, மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கு, கரையில் நிற்கும் பனை, நிறைந்து தளும்பும் தண்ணீர், தண்ணீர் போனபின் பாளம் பாளமாக வெடித்த தரை. ஒரே கண்மாயை வேறு வேறு மாதங்களில் வரைந்திருக்கிறார். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தின் கடைக்கோடி. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒருபோக நிலம். தண்ணீர் வந்த வருடம் ஒரு முகம், வராத வருடம் வேறு முகம். அதைப் பார்த்து வளர்ந்த கை அது.

இதில் விசேஷம் என்னவென்றால், வரைந்திருப்பதே அந்தக் கண்மாய் மண்ணால்தான். கண்மாய் அடியில் படியும் கரம்பை, செம்மண், சுண்ணாம்பு, அடுப்புக் கரி. கடையில் வாங்கிய நிறம் என்று பார்த்தால் ஒரு நீலம் மட்டும். கரம்பையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்து, அது தெளிந்தபின் அடியில் படியும் விழுதைக் காயவைத்து அரைத்துக்கொள்வார். அக்ரிலிக் பசையில் குழைத்துப் பூசுவார். சரி, இதில் ஒரு வம்பு இருக்கிறது. கரம்பை களிமண். காயும்போது சுருங்கும். கொஞ்சம் கனமாகப் பூசினால் கண்மாயில் வெடிப்பது போலவே படத்திலும் வெடிக்கும். வெடித்த தரையை வரையும்போது அது அழகுதான். ஆனால் கான்வாஸ் துணி தூக்கி இறக்கும்போதெல்லாம் அசையுமல்லவா, வெடித்த ஓரங்கள் பொடிப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். குழுக் காட்சிக்கு அவர் கொண்டுவந்த ஒரு படத்தில் இதைப் பார்த்திருந்தேன். அதனால் இந்தக் காட்சிக்கான படங்களைத் துணியில் வரையாமல் மெரைன் பிளைவுட் பலகையில் வரையச் சொன்னேன். கனம் அதிகம், செலவும் அதிகம். உதிர்வது நின்றது. மண், மணல், காகிதக்கூழ் என்று ஒட்டி வரைகிறவர்கள் யாராக இருந்தாலும் விறைப்பான தளத்தில் வரைவது நல்லது. காட்சிக்குப் பிறகும் அந்தப் படம் லாரியில் ஏறும், இறங்கும், வீடு மாறும்.

பிரேம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுகிறேன், தொழில் அது. இப்போது பலரும் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு கேட்கிறார்கள். கனம் குறைவு, உடையாது என்று. உண்மைதான். ஆனால் அக்ரிலிக்கைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும். பொடி உதிரக்கூடிய படமென்றால், மண்ணோ கரியோ பேஸ்டலோ, அந்தப் பொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் உள்பக்கம் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். இந்தப் படங்களுக்கு நிஜக் கண்ணாடிதான் போட்டேன். அதுவும் படத்தைத் தொடாமல், நடுவே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்து இடைவெளி விட்டு. மதுரை வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிய படம் நாளாக நாளாகக் கண்ணாடியிலேயே பிடித்துக்கொள்ளும். பழைய கல்யாணப் படங்களைப் பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு போய்விட்டதைக் கண்டு அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் வரைந்த சின்னப் படங்களுக்கு அமிலமில்லாத மவுண்ட் போர்டு. சாதாரண அட்டை போட்டால் சில வருடத்தில் ஓரம் பழுப்பேறிவிடும். பின்பக்கத்தை நன்றாக டேப் போட்டு மூடிவிட வேண்டும், இல்லையென்றால் ராமபாணப் பூச்சி உள்ளே குடித்தனம் வந்துவிடும்.

இன்னொன்று. கண்ணாடி போடுவதற்கு முன்பே எல்லாப் படங்களையும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். மொட்டை மாடியில் காலை நிழலில், பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து எடுத்தால் நிறத்தைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். கண்ணாடி ஏறிய பிறகு எடுத்தால், படத்துக்குள் உங்கள் செல்போனும் சட்டையும்தான் தெரியும்.

இப்போது விலை.

டீச்சர் முதலில் சொன்னது, "நீங்களே போடுங்கண்ணே." ஓவியர்கள் பாதிப் பேர் இப்படித்தான். மீதிப் பேர் மனசுக்குப் பிடித்த படத்துக்கு ஒரு விலை, பிடிக்காததற்கு ஒரு விலை என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டுமே வேண்டாம் என்றேன். அளவை வைத்துப் போட்டோம். 12க்கு 16 அங்குலப் படம் 9,500 ரூபாய். 24க்கு 30 அங்குலம் 28,000. 3 அடிக்கு 4 அடி 60,000. கணக்குப் போட்டுப் பார்த்தால் சின்னப் படத்தில் சதுர அங்குலத்துக்கு ஐம்பது ரூபாய் வாக்கில், பெரியதில் முப்பத்தைந்து வாக்கில் வரும். சின்னதில் வேலை குறைவில்லை, அதனால் வீதம் கூடுதல். ஒரே அளவுக்கு ஒரே விலை. எந்தப் படம் உசத்தி என்பதை வாங்குகிறவர் சொல்லட்டும். டீச்சருக்குக் கொடுக்க மனமே வராத ஒரு படம் இருந்தது. அதற்கு யானை விலை வைத்து யாரும் வாங்காமல் பார்த்துக்கொள்வதைவிட, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிவிட்டோம்.

பிறகு நான் சொன்னேன், விலையைப் படத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒட்டப் போகிறோம் என்று. அங்கேதான் தொடங்கியது.

சென்னை நண்பர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளித்தார்கள். கூடங்களில் வழக்கம் வேறு. சுவரில் தலைப்பு, எதால் வரைந்தது, அளவு, வருடம் இருக்கும். விலைப்பட்டியல் மேசையில் இருக்கும், கேட்டால் தருவார்கள். ஓவியத்தை முதலில் ஓவியமாகப் பார்க்கட்டும் என்பது அவர்கள் நியாயம். நல்ல நியாயம்தான், கேட்கத் தெரிந்தவர்கள் வருகிற ஊரில். எங்கள் மாடிக்கு வருகிறவர் யார்? கீழே மகள் கல்யாணப் படத்துக்குப் பிரேம் போட வந்து, மேலே என்னமோ இருக்கிறதாமே என்று ஏறி வருகிறவர். அவருக்கு இது கண்காட்சியா கடையா என்றே தெரியாது. விலை கேட்டால் வாங்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பதிலில் முகம் மாறிவிடுமோ என்ற கூச்சம் இன்னொரு பக்கம். கேட்காமலே இறங்கிப் போய்விடுவார். குழுக் காட்சிகளில் இப்படி இறங்கிப் போன முதுகுகள் நிறையப் பார்த்தாயிற்று. ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துப் பழகிய ஊருக்கு, சீட்டு இல்லாத பொருள் நம்முடையது அல்ல என்றுதான் தோன்றும்.

டீச்சரின் பயம் வேறு மாதிரி. "ஸ்கூல்ல எல்லாரும் வருவாங்கண்ணே. சொந்தக்காரங்க வருவாங்க. மண்ணைப் பூசிட்டு அறுபதாயிரமான்னு கேப்பாங்க. எனக்கு அந்தப் பேச்சு வேணாம்." இது நியாயமான பயம். நான் சொன்னது, கேட்கட்டும் என்றுதான். கேட்டார்கள். முதல் நாளே அவருடைய மதினி ஒருவர் அதே வார்த்தைகளில் கேட்டார். அதற்கு டீச்சர் பதில் சொல்ல ஆரம்பித்தார் பாருங்கள், வாளியில் ஊறப்போட்டதிலிருந்து, வடித்தது, அரைத்தது, வெடித்ததை விட்டுவிட்டு மறுபடி பூசியது என்று. சுற்றி ஒரு கூட்டமே நின்று கேட்டது. விலை எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது, அந்தப் பேச்சும் வந்திருக்காது. "இது என்ன உணர்வைச் சொல்லுது?" என்று கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். "ஏன் இந்த விலை?" என்று கேட்கக் கூச்சமே இல்லை. அதில் தொடங்கி எங்கேயும் போகலாம்.

பேரம் வராமல் இருக்குமா? வந்தது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். சீட்டில் படத்தின் விலை தனி, பிரேம் விலை தனி. நடுத்தரப் படம் 28,000, பிரேம் 2,500. குறைத்துக் கேட்டவர்களிடம், பிரேம் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். யாரும் அப்படி எடுக்கவில்லை, ஆனால் குறைப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று தவணையில் கட்டலாம், கடைசித் தவணை கட்டியதும் படம் வீட்டுக்கு வரும் என்றும் கீழே ஒரு வரி எழுதினோம். மாதச் சம்பளக்காரர்கள் வாங்கிய படங்கள் பெரும்பாலும் இந்த வரியால் விற்றவை. ஜிஎஸ்டி வரியையும் விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதனால் விலைக்குள் அடக்குவது கஷ்டமாக இல்லை. எழுதியிருப்பது ஒரு தொகை, பில்லில் வேறு தொகை என்றால் நம்பிக்கை போய்விடும்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. தெரிந்தவர்தானே என்று வாயால் பேசிவிட்டு விட்டால், பின்னால் பேச்சு வார்த்தையே நின்றுபோகும். முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கூடத்துக்கு 35 சதவீதம், அதுவும் வரி நீங்கிய தொகையில். பல ஊர்க் கூடங்களில் பாதிக்குப் பாதி வரை போகும். எனக்கு வாடகை இல்லை, சொந்தக் கட்டடம், அதனால் கட்டுப்படியானது. வாங்கியவர் முழுப் பணம் கட்டியதிலிருந்து முப்பது நாளுக்குள் ஓவியர் பங்கு வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். கூடத்தில் இருக்கும்போது உடைந்தால் என் பொறுப்பு. விற்காத படங்களை எப்போது திருப்புவது என்ற தேதி. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று, ஓவியர் தன் வீட்டிலிருந்து விற்றாலும் அதே விலைக்குத்தான் விற்க வேண்டும். கூடத்தில் பார்த்துவிட்டு மேலூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் "எங்களுக்கு என்ன விலை?" என்று கேட்கிற ஆட்கள் நிச்சயம் வருவார்கள். வந்தார்கள். டீச்சர் "அண்ணன்கிட்ட பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வரி எழுதாமல் இருந்திருந்தால் சொந்தக்காரரிடம் அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது.

தேதி குறிப்பதில் நிறையப் பேர் சித்திரைத் திருவிழாவில் வையுங்கள் என்றார்கள், ஊரே நிரம்பி வழியுமே என்று. வழியும். அந்தக் கூட்டம் மீனாட்சியைப் பார்க்க வந்தது, அழகரைப் பார்க்க வந்தது. மாசி வீதிகளில் தேர் வரும் நாளில் நானே என் கடைக்குப் போக முடியாது. தையை எடுத்ததற்குக் காரணம் வேறு. மார்கழி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கும். புதுவீடு கட்டியவர்கள் கிரகப்பிரவேசம் வைப்பார்கள். வெறுஞ்சுவர் இருக்கிறவர்தான் படம் தேடுவார். ஜல்லிக்கட்டுக் களேபரம் அடங்கட்டும் என்று பொங்கலுக்குப் பிறகு பத்து நாள் விட்டுத் தொடங்கினோம். தேதியை அச்சடிப்பதற்கு முன்னால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று விசாரித்துக்கொண்டோம். பகல் முழுக்க மின்சாரம் இருக்காது, மாடியறையில் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால் யார் நிற்பார்கள்?

மாட்டுகிற வேலையில் சொல்ல அதிகமில்லை. எங்களுடையது சுண்ணாம்புக் காரைச் சுவர். ஆணி அடித்தால் பொலபொலவென்று கொட்டும். உத்தரத்துக்குக் கீழே ஜிஐ பைப் ஓட்டி, அதிலிருந்து கம்பியில் தொங்கவிட்டோம். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம் இருக்கும்படி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் சின்னதும் பெரியதும் கலந்தாலும் கண் தடுமாறாது. வீட்டில் மாட்டுவது போல வாசல் நிலைக்கு மேலே ஏற்றிவிடாதீர்கள். சாமி படத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கைக்கு இந்த உயரம் தாழ்வாகத்தான் தெரியும். வெள்ளை டியூப் லைட் செம்மண்ணைச் செத்த நிறமாக்கிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் ஒளி, நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான சிஆர்ஐ அளவு 90க்கு மேல் உள்ள ஸ்பாட் விளக்குகள் வாங்கினோம். நேர் கீழே இருந்து 30 பாகை சாய்த்து வைத்தால் கண்ணாடியில் எதிரொளி கண்ணில் அடிக்காது. எதிர்ச் சன்னலுக்குக் காடாத் துணி.

திறப்பு விழா என்றதும் ஃபிளெக்ஸ் வைக்கலாமா என்று நாலு பேர் கேட்டார்கள். மதுரையில் காதுகுத்துக்கே முச்சந்தியில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைக்கிறோம், ஓவியருக்கு வைத்தால் என்ன என்று. டீச்சர் தன் முகம் தெருவில் தொங்குவதை நினைத்தே வெலவெலத்துப் போனார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. மேடை, தலைமையுரை, பொன்னாடை எதுவும் வைக்கவில்லை. குத்துவிளக்கை டீச்சரின் அம்மா ஏற்றினார். அப்புறம் டீச்சர் படம் படமாக நடந்து சென்று பேசினார், கேட்கிறவர்கள் கூடவே நடந்தார்கள். பருத்திப்பால் கீழே கடை வாசலில். மாடிக்கு டம்ளரோடு யாரும் ஏறக்கூடாது என்று என் மகனை மாடிப்படியில் நிறுத்திவைத்திருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கட்டை விரலைக் காட்டியதோடு சரி. நேரில் போய்ப் பத்திரிகை கொடுத்தவர்கள்தான் வந்தார்கள். டாக்டர்கள், கட்டட வரைபடக்காரர்கள், என்னிடம் வழக்கமாகப் பிரேம் போடும் வீடுகள் என்று நானும் டீச்சரும் அலைந்து கொடுத்தோம்.

வந்தவர்களில் வயதான பெண்கள் கண்ணாடிக்கு அருகே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இது நம்ம தலைக்குத் தேய்க்கிற கரம்பைல்ல?" அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். ஒருவர், அழகர்கோவில் வசந்த மண்டபத்தில் ராமாயணம் எழுதியிருக்கிறார்களே, அதுவும் இப்படி மண்ணும் சுண்ணாம்பும்தானே என்று கேட்டார். நாயக்கர் காலச் சுவரோவியத்தையும் இதையும் அவர் ஒரே மூச்சில் சேர்த்தது எனக்குப் பிடித்திருந்தது. ஓவியம் மதுரைக்குப் புதுசு என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான். பக்கத்துத் தெருக்களைக் கோடு கோடாக வரைந்து வைத்த மனோகர் தேவதாஸ் இந்த ஊர்க்காரர்தான், ஓவியர் டிராட்ஸ்கி மருது பிறந்ததும் இங்கேதான். வரைகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்கள் படத்தை வாங்க ஒரு கடைதான் இல்லை.

நான் எதிர்பார்க்காத தடங்கல் ஒன்று வந்தது. காய்ந்த கண்மாய். படம் பிரமாதம் என்பார்கள், அரை மணி நேரம் நிற்பார்கள், பிறகு மெதுவாக, "தண்ணி இருக்கிற மாதிரி ஒண்ணு இல்லையா? வெடிச்ச தரையைப் போய் வீட்டுல மாட்டினா..." என்று இழுப்பார்கள். வாஸ்து பார்த்துக் கட்டிய வீட்டின் வரவேற்பறையில் வறட்சியை மாட்ட யாருக்கும் மனமில்லை. கிரகப்பிரவேச வீடுகளைக் குறிவைத்துத் தையில் காட்சி வைத்தோமே, அவர்களுக்குத்தான் இந்தத் தயக்கம் அதிகம். ஒருவர் டீச்சரிடமே, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் வரைந்து கொடுங்கள், விலை கூட வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். "அந்த வருசம் தண்ணி வரலையே சார்" என்றார் டீச்சர். நான் பக்கத்தில் நின்று எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தேன். வியாபாரியாகப் பார்த்தால் கையில் வந்த பணம் போனது. ஆனால் அவர் வரைந்து கொடுத்திருந்தால், ஒரே அளவுக்கு ஒரே விலை என்று நாங்கள் சுவரில் ஒட்டியதற்கு அர்த்தமில்லாமல் போயிருக்கும். கேட்டால் மாற்றித் தரலாம் என்றால் அது படம் அல்ல, ஆர்டர்.

காய்ந்த கண்மாய்களையும் வாங்க ஆள் இருந்தது. அலுவலகத்துக்காக ஒரு கட்டட வடிவமைப்பாளர். வாடகை வீட்டில் இருக்கும் ஒரு இளம் ஜோடி, சுவரே நம்முடையது இல்லை, இதில் வாஸ்து என்ன என்று சிரித்துக்கொண்டே தவணை கட்டினார்கள். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கலுங்கைப் பார்த்தே எந்தக் கண்மாய் என்று சொல்லிவிட்டார். அவர் வாங்கவில்லை. அந்த ஊர்க்காரரான தன் சகலையை இரண்டு நாள் கழித்துக் கூட்டிவந்தார், அவர் வாங்கினார்.

இந்த இரண்டாம் வருகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களிடம் முதல் தடவை பார்த்த உடனே வாங்கியவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்காரம்மாவைக் கூட்டிவருகிறேன், அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று போய், திரும்பி வந்துதான் வாங்கினார்கள். போனவர் திரும்பி வருவதற்கு விலை தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் முதல் கேள்வியே அதுதானே. படமும் அங்கேயே இருக்க வேண்டும். அதனால் மூன்று நாள் காட்சி என்பது எனக்கு ஒத்துவராது, மூன்று வாரம் வைத்தோம். மாலை நாலு முதல் ஒன்பது வரை. காலையில் திறந்து வைத்தால் ஈயோட்டலாம். பத்து சதவீதம் முன்பணம் கொடுத்தால் இரண்டு நாள் பிடித்துவைப்போம், மஞ்சள் பொட்டு. விற்றதற்குச் சிவப்புப் பொட்டு. கூட்டத்தைக் காட்ட விற்காத படத்துக்குச் சிவப்புப் பொட்டு ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சின்ன ஊரில் அது இரண்டே நாளில் தெரிந்துவிடும். விற்பனையில் பெரும்பங்கு கடைசி வாரத்தில்தான் நடந்தது.

வாங்கியவர்களில் சிவகாசியில் அச்சகத் தொடர்பு உள்ள ஒருவர் இருந்தார். நிறைந்த கண்மாய் ஒன்றை வாங்கினார். பில் போட்டுக் கொண்டிருக்கும்போதே, இதைத்தான் அடுத்த வருட காலண்டருக்குப் போடப் போகிறேன் என்றார் சாதாரணமாக. படம் அவருடையது ஆகிவிட்டதால் அச்சடிக்கும் உரிமையும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். நல்ல மனிதர், தெரியாமல் சொன்னதுதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை விற்றாலும் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். எழுத்தில் கொடுத்தால் ஒழிய மாறாது. எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு வருடம், காலண்டர் மட்டும், ஓவியர் பெயர் அடியில் அச்சாக வேண்டும் என்று தனித்தாளில் எழுதி, டீச்சருக்கு அதற்கு ஒரு தொகை வாங்கிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பங்கில்லை. அதே சட்டத்தின் 53ஏ பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. மூலப் படம் பிற்பாடு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் ஓவியருக்குப் பங்கு கேட்க உரிமை உண்டு, உச்சம் 10 சதவீதம். நடைமுறையில் யார் யாரிடம் விற்றார் என்பதை ஓவியர் எப்படித் தெரிந்துகொள்வார்? வாங்கியவரின் பெயரும் விலாசமும் டீச்சரிடமும் ஒரு பிரதி இருக்கும்படி செய்தேன், வாங்கியவர்களின் சம்மதத்தோடு. சில கூடங்கள் இதை ஓவியரிடம் காட்டவே மாட்டார்கள். அது சரியில்லை என்பது என் கட்சி.

படத்தோடு ஒரு சான்றிதழ் கொடுத்தோம். படத்தின் சிறிய புகைப்படம், தலைப்பு, அளவு, எந்தக் கண்மாய் மண், வருடம், டீச்சர் கையெழுத்து. வீடுகளுக்கு நானே போய் மாட்டிக் கொடுத்தேன், அது பிரேம் கடைக்காரனின் அனுகூலம். குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் வேண்டாம், ஈரம் ஏறும். மேற்கு வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். பின்பக்கம் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கும்போது துணியை நனையுங்கள், கண்ணாடி மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

டீச்சர் பங்கு குறித்த நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. விற்காதவை மேலூருக்குத் திரும்பின, ஒன்றைத் தவிர. 3 அடிக்கு 4 அடியில் இருக்கும் பெரிய காய்ந்த கண்மாயை டீச்சர் சம்மதத்தோடு கீழே கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன், விலைச் சீட்டோடு. முருகன் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் "அறுபதாயிரமா?" என்று வாயைப் பிளக்கிறார்கள், நானும் வாளியில் ஊறப்போட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்படிக் கேட்டுவிட்டுப் போன ஒருவர் போன வாரம் மகனோடு வந்து, பெரிய படத்துக்கும் தவணை உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றேன். அம்மாவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.